காலி வண்டி

மனைவி: அதெல்லாம் இருக்கட்டும்... என் கண்ணாடி பீரோ இந்த வாசல்ல நுழையுமா? அதை மட்டும் சொல்லுங்க.

வண்டிக்காரர்: நுழையும்.

மனைவி: வண்டியை விட்டு இறங்காமலே நுழையும்னா?

வண்டிக்காரர்: எதுக்கு இறங்கணும்? இந்தத் தெருவுல எந்த வாசல் எத்தனை அடின்னு என்னைக் கேளு. அதோ பச்சைக் கதவு, ரெண்டேகால். கட்டிலை அறுத்துத்தான் வெளிய எடுத்தோம். அதுக்குப் பக்கத்து வீட்டுல மாடிப்படி திரும்புற இடத்துல சோபா மாட்டிக்கிச்சு...

மனைவி: சோபா மட்டுமா? அதுக்குப் பின்னாடி என் தம்பியும்ல மாட்டிக்கிட்டான்.

வண்டிக்காரர்: ஆமா. ஜன்னல் வழியா தண்ணி குடுத்தோம். மருந்துக்கடைக்காரர் வாசல் நாலடி. ரெட்டைக் கதவு. இந்தத் தெருவுல உன் பீரோவை நிமிந்த வாக்குல உள்ள விடுற ஒரே வாசல் இதுதான்.

மனைவி: வாசல் அகலத்தைப் பாத்து ஒரு ஊருக்குக் குடி போறவங்களை நான் இப்பதான் பாக்குறேன்.

வண்டிக்காரர்: இருபத்தாறு வருஷமா வீடு மாத்துற வண்டி ஓட்டுறேன். வேற எதைப் பாப்பேன்?

மனைவி: ஊரைப் பாக்கணும். நல்லா கண்ணைத் திறந்து பாருங்க. ஆலையை மூடி ஏழு வருஷம். இந்தப் பக்கம் பத்து ஷட்டர், அந்தப் பக்கம் பத்து ஷட்டர். இருபதுல திறந்திருக்கிறது எத்தனை?

வண்டிக்காரர்: நாலு.

மனைவி: மூணு. நாலாவது, நாம இப்போ ஏத்த வந்திருக்கிற மருந்துக்கடை.

வண்டிக்காரர்: சரி... மூணு.

மனைவி: அந்த மனுஷன் இந்த ஊரே வேணாம்னு கிளம்புறார். நாம அவர் சாமானை ஏத்த வந்திருக்கோம். ஏத்திட்டு அவர் வீட்டுலயே போய் உக்காந்துக்கலாம்னு சொல்றீங்க. வெளிய சொல்லிராதீங்க, சிரிப்பாங்க.

வண்டிக்காரர்: நானா கேட்டேன்? அவர்தானே சொன்னார். வீட்டை விக்க முடியல, பூட்டிப் போட்டா கரையான் தின்னுரும், வாடகையே வேணாம், ஜன்னலைத் திறந்து வெச்சு மனுஷங்க மாதிரி இருங்க போதும்னு... இன்னைக்கு சாவியோட வர்றப்போ பதில் சொல்லணும். நாம மாட்டோம்னா சாவி ஊர் ஆபீசுக்குப் போயிரும். அவங்க கதவுக்குக் குறுக்கே பலகை அடிச்சுட்டுப் போயிருவாங்க.

மனைவி: அடிக்கட்டுமே.

வண்டிக்காரர்: நாலடி வாசலுக்குக் குறுக்கே பலகையா? வாய் கூசாம சொல்ற பாரு.

மச்சான்: ...வந்துட்டோமா?

மனைவி: வந்து அரை மணி நேரம் ஆச்சு. வாயைத் துடைடா.

மச்சான்: அரை மணிதானா? நான் ஒரு வருஷம் தூங்கின மாதிரி இருக்கு. மூணு மணி நேரப் பாதை, மாமா. ஆறு மணி நேரம் ஓட்டியிருக்கீங்க.

வண்டிக்காரர்: ரோடு சரியில்ல மச்சான்.

மனைவி: ரோடு எப்பவும் இதே ரோடுதான். சைக்கிள்காரன் ஒருத்தன் நம்மளை முந்திட்டுப் போறான். பின்னாடி ஆளை வேற உக்கார வெச்சிருந்தான். அந்த ஆள் நமக்கு டாட்டா காட்டுறான்.

மச்சான்: அதை நானும் பாத்தேன். மானமே போச்சு. கண்ணை மூடிக்கிட்டேன்.

மனைவி: காலி வண்டிக்குப் பள்ளம் என்ன, மேடு என்ன? தட்டிவிட்டுட்டு வர வேண்டியதுதானே?

வண்டிக்காரர்: வண்டியும் இன்னைக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. பாலம் ஏறுறப்போ ஒரே முனகல்.

மனைவி: வயசாகுதுல்ல...

மச்சான்: ஆமா மாமா. வயசு ஆகுது.

வண்டிக்காரர்: நான் வண்டியைச் சொன்னேன்.

மச்சான்: நானும் வண்டியைத்தான் சொன்னேன்.

வண்டிக்காரர்: இறங்கி எஞ்சினைப் பாக்கட்டுமா?

மனைவி: பேச்சை மாத்தாதீங்க. எஞ்சின் எங்கயும் ஓடிராது. நான் கேக்குறதுக்குப் பதில் சொல்லுங்க. இங்க வந்து என்ன தொழில் பண்ணுவீங்க? நம்ம தொழில் வீடு மாத்துறது. மிச்சம் இருக்கிறது நாப்பது குடும்பம். அதையும் ஏத்திக் கொண்டு போய் விட்டுட்டா?

மச்சான்: கடைசியா நம்மளை நாமளே ஏத்திக்கிட்டுப் போகணும்.

மனைவி: நீ தூங்கு.

வண்டிக்காரர்: அதான் சொன்னேனே, ஸ்கூல் பஸ். ஷெட்டுல சும்மா நிக்குது. பெரிய பள்ளிக்கூடம் அடுத்த ஊர்ல. பிள்ளைங்க ரோட்டோரமா நடந்து போகுதுங்க. ஊர் ஆபீஸ்ல இருக்கிற அம்மா நேரா என்கிட்டயே கேட்டாங்க, பஸ் இருக்கு, டிரைவர்தான் இல்ல, நீங்க வர்றீங்களான்னு.

மனைவி: டிரைவர் ஏன் இல்ல?

வண்டிக்காரர்: ...வேற ஊருக்குப் போயிட்டார்.

மனைவி: யார் வண்டியில?

வண்டிக்காரர்: நம்ம வண்டியிலதான்.

மனைவி: அதைச் சொல்லுங்க! டிரைவரை ஏத்தினது நாம. கணக்கு டீச்சரை ஏத்தினது நாம. முடி வெட்டுறவரை ஏத்தினது நாம. அந்த மனுஷன் போனதுல இருந்து இந்த ஊர் ஆம்பளைங்க எல்லாம் சாமியார் மாதிரி திரியுறாங்க.

வண்டிக்காரர்: அது என் தப்பா?

மனைவி: அந்தச் சுத்துற நாற்காலியைக் கட்டிப்பிடிச்சுத் தூக்கிக்கிட்டு வந்தது நீங்கதானே? ஊரே பாத்துச்சு. போன தடவை டீக்கடைக்காரர் என்கிட்ட என்ன கேட்டார் தெரியுமா? "இன்னைக்கு யாரைக் கொண்டு போக வந்தீங்க?"ன்னு. ஆம்புலன்ஸ்காரனைக் கேக்குற மாதிரி கேட்டார். டீயை அப்படியே வெச்சுட்டு வந்துட்டேன்.

மச்சான்: அவரே அடுத்த மாசத்துக்கு நம்ம நம்பரை வாங்கி வெச்சிருக்கார் அக்கா.

மனைவி: பாத்தீங்களா? டீக்கடையும் போச்சு. நம்ம வண்டி தெருவுக்குள்ள திரும்பினாலே பசங்க, "யாரு, யாரு?"ன்னு பின்னாடியே ஓடி வருதுங்க. யார் வீட்டு முன்னாடி நிக்கும்னு பாக்க. இந்த ஊரை நாமதான் ஒவ்வொரு வீடா கழட்டி எடுத்துட்டுப் போயிருக்கோம். இப்போ நாமளே வந்து, "வணக்கம், குடி வந்திருக்கோம்"னா கல்லால அடிக்க மாட்டாங்க?

வண்டிக்காரர்: அப்படி இல்லம்மா. யோசிச்சுப் பாரு. இந்த வண்டி இங்க வர்றப்போ எப்பவும் காலி, போறப்போ ஃபுல். ஒரே ஒரு தடவை லோடோட வந்து இறக்கினா... அந்தப் பசங்க பின்னாடி ஓடி வந்து பாக்கட்டுமே. யாரோ வந்திருக்காங்கன்னு. ...என்ன, கண்ணைத் துடைக்கிற?

மனைவி: ஒண்ணும் இல்ல. கண்ணுல தூசி. எது தொட்டாலும் தூசி இந்த ஊர்ல.

மச்சான்: எங்கக்கா அழுதா மூக்கு சிவக்கும் மாமா.

மனைவி: நீ என்னடா இன்னைக்கு இவ்வளவு பேசுற? அது சரி, லோடு தூக்க வர்றவன் எதுக்கு ஷேவ் பண்ணிட்டு வந்திருக்க?

மச்சான்: அரிச்சுது.

வண்டிக்காரர்: சென்ட் வாசனை வேற வருது.

மச்சான்: பக்கத்து பஸ்ல இருந்து வந்திருக்கும்.

மனைவி: எந்த பஸ்? இந்த ஊருக்கு பஸ் வந்து ஒண்ணரை வருஷம் ஆச்சு. எனக்குத் தெரியாதா? எதிர் வீட்டு டெய்லரம்மா ஒவ்வொரு தடவையும் உனக்கு மட்டும் பெரிய சொம்புல தண்ணி குடுக்குறாங்க. நாங்க ரெண்டு பேரும் குழாய்ல குடிக்கிறோம்.

மச்சான்: நல்ல மனசு அவங்களுக்கு.

வண்டிக்காரர்: உன் சட்டை பட்டன் வாரா வாரம் ஏன் அறுந்து போகுதுன்னு இப்பதான் புரியுது.

மச்சான்: பீரோ உரசும்ல மாமா...

வண்டிக்காரர்: பாரு, உன் தம்பிக்கு இந்த ஊர் பிடிச்சிருக்கு. நீ மட்டும்தான் முரண்டு பிடிக்கிற.

மனைவி: நான் முரண்டு பிடிக்கல. எனக்கு ஒரு விஷயம் புரியல, அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமா பீரோ தூக்கின மனுஷன். நாலு மாடி ஃப்ரிட்ஜை ஒத்தை ஆளா முதுகுல கட்டி இறக்கின மனுஷன். திடீர்னு ஸ்கூல் பஸ் மேல என்ன ஆசை?

வண்டிக்காரர்: பிள்ளைங்க பாவம்ல.

மனைவி: பிள்ளைங்க எல்லா ஊர்லயும் பாவம்தான். இந்த ஊர் பிள்ளைங்க மேல மட்டும் என்ன?

வண்டிக்காரர்: இல்ல... பிள்ளைங்கன்னா ஒரு வசதி. தானா ஏறும், தானா இறங்கும்.

மனைவி: ஓஹோ.

வண்டிக்காரர்: கயிறு கட்ட வேணாம். அட்டை சுத்த வேணாம்.

மனைவி: தூக்க வேணாம்.

வண்டிக்காரர்: தூக்க... ஆமா, தூக்கவும் வேணாம். அது ஒரு காரணமா? நான் பொதுவா சொன்னேன்.

மனைவி: பொதுவா.

வண்டிக்காரர்: ஏன் அப்படிப் பாக்குற?

மனைவி: ஒண்ணும் இல்ல. வேற ஏதாவது காரணம் இருந்தா சொல்லுங்க. இப்பவே சொல்லிருங்க. மனசுல வெச்சுக்காதீங்க.

வண்டிக்காரர்: வேற என்ன காரணம்? காத்து நல்லா இருக்கு.

மனைவி: ஆலை ஓடலைன்னா காத்து நல்லாத்தான் இருக்கும்.

வண்டிக்காரர்: சத்தம் இல்ல.

மனைவி: ஆள் இருந்தாத்தானே சத்தம்?

வண்டிக்காரர்: வீட்டுல மாடி இல்ல. எல்லாம் கீழேயே.

மனைவி: நம்ம மூணாம் மாடிக்கு என்ன குறை?

வண்டிக்காரர்: படி அதிகம்.

மனைவி: படி நேத்துதான் முளைச்சுதா?

வண்டிக்காரர்: இப்படி ஒவ்வொண்ணுக்கும் குறுக்குக் கேள்வி போட்டா நான் என்னதான் சொல்றது? ...சரி. விடு. நீ சொல்றதுதான் சரி.

மனைவி: என்ன சரி?

வண்டிக்காரர்: வேணாம். நமக்கு இந்த ஊர் ஒத்து வராது. தொழில் இல்ல, கடை இல்ல, பாக்குறவன் கல்லால அடிப்பான். அவர் சாவி கொண்டு வந்ததும் சாமானை ஏத்துவோம், கிளம்புவோம். நம்ம மூணாம் மாடி நமக்குப் போதும்.

மச்சான்: ஐயய்யோ!

வண்டிக்காரர்: என்ன மச்சான்?

மச்சான்: கொசு... கடிச்சிருச்சு.

மனைவி: இருங்க, இருங்க. இப்படித் திடுதிப்புனு முடிவு பண்ணினா எப்படி?

வண்டிக்காரர்: அரை மணி நேரமா நீதானே வேணாம் வேணாம்னு சொன்ன?

மனைவி: வேணாம்னு எப்போ சொன்னேன்? கேள்வி கேட்டேன். கேள்வி கேக்கக் கூடாதா?

வண்டிக்காரர்: கல்லால அடிப்பாங்கன்னு சொன்ன.

மனைவி: மெதுவாத்தான் அடிப்பாங்க. பழகினா விட்டுருவாங்க.

வண்டிக்காரர்: தொழில் இல்லைன்னு சொன்ன.

மனைவி: உங்களுக்கு பஸ் இருக்கு. வண்டியைத் தம்பி பாத்துப்பான், அவனுக்கு லைசென்ஸ் இருக்கு, முதுகு இருக்கு. எனக்கு... நான் முடி வெட்டுவேன்.

வண்டிக்காரர்: நீயா?

மனைவி: உங்க ரெண்டு பேர் தலையையும் பதினெட்டு வருஷமா யார் பாக்குறா? ஊர்ல ஆம்பளைங்க எல்லாம் சாமியார் மாதிரி திரியுறாங்கன்னு சும்மாவா சொன்னேன்? முன் ரூம்ல பீரோவை வாசலைப் பாத்து நிறுத்தினா ஆளுயரக் கண்ணாடி ஆச்சு. எதிர்ல ஒரு நாற்காலி போட்டா கடை ஆச்சு.

மச்சான்: அக்கா, கடைக்கு வர்றவங்களுக்கு என் காதுத் தழும்பைக் காட்டிராதே.

மனைவி: அது நீ தலையை ஆட்டினதால.

மச்சான்: ரெண்டு தடவையுமா?

வண்டிக்காரர்: பீரோ எங்க நிக்கணும்ங்கிற வரைக்கும் யோசிச்சு வெச்சிருக்க.

மனைவி: பேச்சுக்குச் சொன்னேன்...

வண்டிக்காரர்: இல்லம்மா, வேணாம். எனக்குக் குழப்பம் தீந்துருச்சு. ஊருக்குப் போயிரலாம். மச்சான், இறங்கிப் போய் பின்கதவைத் திற. அவர் வர்றதுக்குள்ள கயிறு, கோணியெல்லாம் எடுத்துப் போடுவோம்.

மனைவி: வேணாம்!

மச்சான்: வேணாம் மாமா!

வண்டிக்காரர்: ஏன்?

மச்சான்: கதவு... ஜாம் ஆயிருச்சு.

மனைவி: சாவி காணோம்.

வண்டிக்காரர்: ஜாமா? சாவி காணோமா?

மச்சான்: சாவி காணோம், அதனால ஜாம்.

வண்டிக்காரர்: சரி, நான் போய்ப் பாக்குறேன்.

மனைவி: உக்காருங்க! எங்கயும் போக வேணாம். இடுப்புல கையை வெச்சுக்கிட்டுத்தான் இறங்கப் போறீங்க, அதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல.

வண்டிக்காரர்: ...என்ன சொல்ற?

மனைவி: ரெண்டு நாளா எங்க போயிருந்தீங்க?

வண்டிக்காரர்: தங்கச்சி வீட்டுக்குன்னு சொல்லிட்டுத்தானே போனேன்.

மனைவி: தங்கச்சி நல்லா இருக்காளா?

வண்டிக்காரர்: ம்... நல்லா இருக்கா.

மனைவி: பிள்ளைங்க?

வண்டிக்காரர்: வளந்துட்டாங்க.

மனைவி: உங்க தங்கச்சி முந்தாநாள் எனக்குப் போன் பண்ணினா. "அண்ணனை நாங்க பாத்தே ஆறு மாசம் ஆச்சு அண்ணி, ஒரு நாள் வரச் சொல்லுங்க"ன்னா.

மச்சான்: மாமா, இப்ப கொசுன்னு சொல்லிப் பாருங்க.

மனைவி: நீ சும்மா இரு. ...சொல்லுங்க. எங்க இருந்தீங்க? நான் சொல்லட்டுமா? ஆஸ்பத்திரி. முதுகு.

வண்டிக்காரர்: யார் சொன்னா?

மனைவி: யாராவது வந்து சொல்லணுமா? மூணு மாசமா ஒவ்வொரு வீட்டுலயும் மாடிப்படி திரும்புற இடத்துல உங்களுக்குப் போன் வருது. சுவத்துல சாஞ்சுக்கிட்டு, "சரி... சரி... ஆகட்டும்"னு. யார்கிட்ட பேசுறீங்க? போனைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க.

மச்சான்: ஒரு தடவை அவர் பேசிக்கிட்டு இருக்கும்போதே நான் அவருக்குப் போன் பண்ணினேன் அக்கா. மணி அடிச்சுது. காதுல வெச்சபடியே திடுக்குனு ஆடிப் போயிட்டார்.

மனைவி: போன மாசம் அந்த டீச்சர் வீட்டுல அஞ்சு ரூம் சாமான். நீங்க தூக்கினது என்ன? சுவர்க் கடிகாரம். அதையும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "பாத்து, பாத்து, தள்ளு, தள்ளு"ன்னு ஊருக்கே உத்தரவு போட்டுக்கிட்டு வந்தீங்க.

வண்டிக்காரர்: கடிகாரம் பழசு. அதுக்குப் பக்குவம் வேணும்.

மனைவி: பெல்ட் பழசா, புதுசா?

வண்டிக்காரர்: எந்த பெல்ட்?

மனைவி: பனியனுக்குள்ள கட்டியிருக்கிற முதுகு பெல்ட். அதை வாங்கினீங்க, சரி. அது வந்த அட்டைப் பெட்டியை எங்க ஒளிச்சு வெச்சீங்க?

வண்டிக்காரர்: ...நம்ம அட்டைப் பெட்டிக் குவியல்ல.

மனைவி: உலகத்துல வேற எடமே கிடைக்கலையா? அந்தக் குவியலை யார் அடுக்குறா? எந்தப் பெட்டியில கண்ணாடி வைக்கலாம், எந்தப் பெட்டி அடி விட்டுரும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். அதுல ஒரு புதுப் பெட்டி வந்தா எனக்குத் தெரியாதா? மேல முதுகெலும்பு படம் வேற போட்டிருக்கு.

வண்டிக்காரர்: படத்தை உள்பக்கமாத் திருப்பித்தானே வெச்சேன்...

மனைவி: பெட்டியைத் திருப்பினா கூடவே மூளையையுமா திருப்பி வைப்பீங்க? டாக்டர் என்ன சொன்னார்?

வண்டிக்காரர்: ஒண்ணும் பெருசா இல்ல.

மனைவி: என்ன சொன்னார்?

வண்டிக்காரர்: தலையணையை விடக் கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னார்.

மனைவி: எத்தனை நாளைக்கு?

வண்டிக்காரர்: ...நாள் எல்லாம் சொல்லல.

மனைவி: சொல்லவே இல்லையா?

வண்டிக்காரர்: இனிமேன்னு சொன்னார்.

மச்சான்: ...மாமா.

வண்டிக்காரர்: நீ ஒண்ணும் மூஞ்சியை அப்படி வெச்சுக்காதே மச்சான். செத்தா போயிட்டேன்? நடக்கலாம், ஓட்டலாம். தூக்கத்தான் முடியாது.

மனைவி: இதை வீட்டுல சொல்ல முடியாதா?

வண்டிக்காரர்: எப்படிச் சொல்றது? தூக்குறதுக்குத்தானே என்னைக் கூப்பிடுறாங்க. தூக்குறவன்னுதானே எல்லாருக்கும் என்னைத் தெரியும். உனக்கும் அப்படித்தானே... பொண்ணு பாக்க வந்தப்போ உங்க வீட்டுல கட்டிலை நகத்தணும்னாங்க, நான் ஒத்தைக் கையால நகத்தினேன். நீ கதவு ஓரமா நின்னு பாத்த. அந்தப் பார்வை மாறிருமோன்னு பயமா இருந்துச்சு. போதுமா?

மச்சான்: அக்காவுக்கு மூக்கு சிவந்துருச்சு.

மனைவி: அன்னைக்குக் கட்டிலையா பாத்தேன்? நகத்துறேன்னு எங்கப்பா கால் மேல ஏத்திட்டீங்க. அவர் கத்துறார், நீங்க அவரை விட சத்தமாக் கத்துறீங்க. அந்த ஆளைத்தான் பாத்தேன். ...எனக்குக் கோபம் உங்க முதுகு மேல இல்ல. ரெண்டு நாள் ஆஸ்பத்திரிக் கட்டில்ல தனியாப் படுத்திருந்தீங்கல்ல, அது மேலதான். தண்ணி குடுக்க ஒரு ஆள் இல்லாம.

வண்டிக்காரர்: பக்கத்து பெட்காரர் குடுத்தார்.

மனைவி: அவர் நல்லா இருக்கட்டும். உங்களுக்குத்தான் இருக்கு. இவ்வளவு நேரம் நான் ஏன் குறுக்குக் கேள்வி போட்டேன்னு நினைச்சீங்க? ஊர் பிடிக்காமலா? உங்க வாயில இருந்து அந்த ஒரு வார்த்தை வரட்டும்னுதான். காத்து நல்லா இருக்காம், சத்தம் இல்லையாம்... முதுகுங்கிற வார்த்தை மட்டும் வரல. காரணத்தைச் சொல்லாம கூட்டிக்கிட்டு வந்தா, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா அதையும் சொல்ல மாட்டீங்க. அதான்.

வண்டிக்காரர்: இப்போ சொல்லிட்டேன்ல.

மனைவி: பிடுங்கினேன்.

வண்டிக்காரர்: சரி, பிடுங்கிட்ட. அப்போ... வரலாமா? இந்த வீட்டுக்கு?

மனைவி: ...வந்தாச்சு.

வண்டிக்காரர்: என்னது?

மனைவி: மூணாம் மாடி சாவியை நேத்து சாயங்காலமே வீட்டுக்காரர் கையில குடுத்துட்டேன்.

வண்டிக்காரர்: நம்ம வீட்டையா?

மனைவி: உங்க தங்கச்சி போன் வெச்ச நிமிஷத்துல முடிவு பண்ணிட்டேன். மருந்துக்கடைக்காரருக்கும் சரின்னு சொல்லியாச்சு. ஆனா நான் கையைக் காட்டுற வரைக்கும் வராதீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

வண்டிக்காரர்: ஓ... அதான் அந்த மனுஷன் அரை மணி நேரமா ஷட்டர் ஓரமா நின்னு எட்டி எட்டிப் பாக்குறாரா? அவர் பின்னாடி நாலு பேர் வேற?

மச்சான்: அவங்க ஆலையில மூட்டை தூக்கினவங்க மாமா. டெய்லரம்மாவோட அண்ணன்மார். சாமான் இறக்க நான்தான் வரச் சொன்னேன்.

வண்டிக்காரர்: என்ன சாமானை இறக்க?

மனைவி: நீங்க ரெண்டு நாள் "தங்கச்சி வீட்டுல" இருந்தப்போ நானும் தம்பியும் என்ன பண்ணினோம்னு நினைச்சீங்க? வீட்டுப் பக்கம் வராதீங்க, பஸ் ஸ்டாப்புக்கே வண்டியைக் கொண்டு வர்றோம்னு எதுக்குச் சொன்னேன்? என்னைக்காவது உங்களை நான் பஸ் ஸ்டாப்புக்கு வந்து கூட்டிக்கிட்டுப் போயிருக்கேனா?

வண்டிக்காரர்: இல்ல.

மனைவி: அங்க தோத்துட்டீங்க! எல்லா வீட்டுலயும் போய், "பின்னாடி ஒரு தலையணை கூட ஏறினாலும் ஸ்டியரிங்கைப் பிடிச்சதும் சொல்லிருவேன்"னு அளந்து விடுவீங்களே? காலி வண்டியாம், காலி வண்டி! கட்டில், மெத்தை, அடுப்பு, பாத்திரம், அந்த அட்டைப் பெட்டி எல்லாம்... முழு வீடும் உங்க முதுகுக்குப் பின்னாடி வந்திருக்கு. ஆறு மணி நேரம் ஓட்டியும் உங்களுக்குத் தெரியல!

மச்சான்: சுவர்க் கடிகாரமும் இருக்கு மாமா. அதை மட்டும் நீங்க இறக்குங்க.

வண்டிக்காரர்: மச்சான்...

மச்சான்: சொல்லுங்க.

வண்டிக்காரர்: பீரோவை இடது பக்கம் சாச்சு வெச்சிருக்கீங்க. நிமித்தி, நடுவுல வெக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? கண்ணாடிப் பக்கம் மெத்தையாவது குடுத்தீங்களா?

மச்சான்: ...குடுத்தோம்.

மனைவி: என்னங்க... உங்களுக்கு எப்போ தெரியும்?

வண்டிக்காரர்: பஸ் ஸ்டாப்புல வண்டியை எடுத்து முதல் திருப்பத்துல.

மனைவி: தெரிஞ்சுக்கிட்டேவா "மச்சான், பின்கதவைத் திற"ன்னு சொன்னீங்க? தெரிஞ்சுக்கிட்டேவா ஊருக்குப் போயிரலாம்னீங்க?

வண்டிக்காரர்: நீ மட்டும்தான் பிடுங்குவியா?

மனைவி: வழியெல்லாம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லலையே!

வண்டிக்காரர்: சொல்லிக்கிட்டேதானே வந்தேன்... பின்னாடி உன் கண்ணாடி பீரோ இல்லைன்னா, அந்த சைக்கிள்காரனை நான் முந்த விட்டிருப்பேனா?